மகன் சொன்ன மூன்று நிபந்தனைகள்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று கம்பெனியில் சொல்வார்கள். இருபத்தெட்டு வருட மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி நின்றுபோய், உள்ளே யாராவது கதவை அடித்துக் கத்தினால், மற்றவர்கள் நேரே மொட்டைமாடிக்கு ஓடி மோட்டார் அறையைத் திறப்பார்கள். இவர் முதலில் கதவிடுக்கில் வாயை வைத்து, "நான் வந்துட்டேங்க. கயிறெல்லாம் கெட்டியா இருக்கு, காத்து நல்லா வரும். காலையில என்ன சாப்டீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்பார். உள்ளே அழுதுகொண்டிருந்தவர் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். தெருவிலும் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்கூடத்தில் காலர் பிரிவில் இருந்தாள். பிள்ளை ஒன்றே ஒன்று.

மகன் கட்டட வரைபடம் படித்தான். ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு இழுப்பான். பத்தொன்பது வயதில் கூடப் படித்தவர்களோடு சேர்ந்து கஞ்சா பழகினான். இருபதில், மாடிவீட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

"மேல தண்ணித் தொட்டிதாண்டா இருக்கு. வா, காட்டறேன்" என்று லிஃப்ட்காரர் அவன் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனார். மகன் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு, "நாம வர்றது தெரிஞ்சு போயிட்டாங்கப்பா" என்றான்.

அன்றைக்கு லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. அதை நினைத்து அவர் பின்னால் எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய்க்கு ஒரு கட்டடம், போதைப் பழக்கத்துக்கு எதிரே இன்னொரு கட்டடம். நடுவில் வண்டி நிறுத்துமிடம். மனநோய் டாக்டர், "முதல்ல கஞ்சாவை விட்டுட்டு வரட்டும். அது உள்ள போயிட்டே இருந்தா எந்த மாத்திரை வேலை செய்யுதுன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். எதிர்க் கட்டடத்தில், "குரல் கேட்குதுன்னு சொல்றவங்களை இங்க சேர்க்க முடியாது சார். முதல்ல அது அடங்கட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். ஒன்றரை வருடம் இப்படியே போனது. வண்டி நிறுத்துமிடக் காவலாளிக்கு இவர்கள் முகம் பழகிப்போய், "இன்னிக்கு எந்தப் பக்கம் சார்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"பாதிப் பிள்ளையை இங்க விட்டுட்டு மீதியை அங்க விடச் சொல்றாங்களா?" என்றாள் மனைவி. அவளுக்கு வாய் கொஞ்சம் துடுக்கு. ஆனால் அன்று அதைச் சொல்லிவிட்டு அங்கேயே ஒரு ஸ்கூட்டரின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

மாத்திரை தராமல் இல்லை. தந்தார்கள். போட்டால் நாக்குத் தடித்துப்போகும், தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை நனையும். எட்டு மாதத்தில் பதினாறு கிலோ ஏறினான். பழைய சட்டை ஒன்றுகூடச் சேரவில்லை. "மாத்திரை போட்டாலும் அவங்க பேசறது கேட்குதுப்பா. நான்தான் எழுந்திருக்க முடியல. கஞ்சா அடிச்சா அவங்க பக்கத்து ரூமுக்குப் போயிடறாங்க" என்றான். மாத்திரையை நிறுத்தினான். நிறுத்திய மூன்றாம் வாரம், அந்த இரண்டு பேரும் தனக்கு விஷம் வைக்கப்போவதாகச் சொன்னான்.

"யாருடா உனக்கு விஷம் வைப்பாங்க? பைத்தியம் மாதிரி பேசாத" என்றார் லிஃப்ட்காரர்.

அடுத்து அவர் செய்ததை நாம் கேட்டால் நமக்கும் நியாயமாகத்தான் தோன்றும். மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, மாவாக்கி, மகனின் காலைத் தேநீரில் கலந்தார். மனைவி முதல் நாள், "வேணாங்க, அவனுக்குத் தெரிஞ்சா என்னாகும்?" என்றாள். இரண்டாம் நாளிலிருந்து அவன் வந்துவிடக் கூடாதே என்று சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு அவளே நின்றாள்.

ஐந்து வாரம். மகன் தேறினான், அதையும் சொல்லத்தான் வேண்டும். குளித்தான். ஒரு மாலை டிவியில் ஏதோ கோமாளித்தனத்தைப் பார்த்து மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், திருட்டுப் பண்டத்தைப் பங்கு போட்டவர்கள் மாதிரி.

ஒரு காலை மகன் தம்ளரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தான். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"என்னப்பா இது?"

"சர்க்கரைடா. சரியா கரையல போல."

"நான் சர்க்கரை போடாமத்தானே குடிக்கறேன்?"

லிஃப்ட்காரர் தம்ளரை வாங்கக் கையை நீட்டினார். மகன் கத்தவில்லை. தம்ளரை மேசைமேல் வைத்தான், அதைத் தட்டு போட்டு மூடினான், தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தத் தட்டை எடுக்க அன்று முழுவதும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. பிஸ்கட் பாக்கெட், மூடி முத்திரை உடையாத தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், அவ்வளவுதான். வாழைப்பழத்தைக்கூட ஊசி குத்தியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். ஏறிய கிலோவெல்லாம் இறங்கி அதற்கு மேலும் இறங்கியது. ஒரு நண்பகல், இருவரும் வேலைக்குப் போயிருந்தபோது, அப்பாவின் கருவிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, விஷம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கச் சமையலறைக் குழாய்களையெல்லாம் கழற்றிவிட்டான். தண்ணீர் தெருவுக்கு ஓடியது. அண்டை வீட்டுக்காரர்கள் கூடி, நான்கு பேர் பிடித்துத்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது.

சேர்க்கும்போது பணியில் இருந்த டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "சாப்பாட்டுல ஏதோ கலக்கறீங்கன்னு சொல்றானே?"

மகன் இரண்டு ஆட்களின் பிடியில் இருந்தபடி அப்பாவைப் பார்த்தான். சுற்றிலும் ஆட்கள், நர்ஸ், அண்டை வீட்டுக்காரர் வேறு.

"அதெல்லாம் அவன் கற்பனை சார்" என்றார் லிஃப்ட்காரர்.

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த வார்டில் ஒரு லேடி டாக்டர் இருந்தாள். சின்ன உருவம், கால்களில் ஓட்டக்காரர்கள் போடும் ஷூ. வியாழக்கிழமைதோறும் ஒரு கிளினிக் அவளே தொடங்கியிருந்தாள். மனநோயும் போதையும் சேர்ந்து இருப்பவர்களை ஒரே இடத்தில் பார்ப்பது அவள் ஏற்பாடு. "ரெண்டும் ஒரே ஆளுக்குத்தானே இருக்கு? அப்ப ஒரே ரூம்ல பார்ப்போம்" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க இரண்டு வருடம் ஆனதே என்று லிஃப்ட்காரரின் மனைவி அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்காம் வாரம், சிகிச்சைத் திட்டம் போடுவதற்கென்று நால்வரும் உட்கார்ந்தார்கள். எடை பார்க்கும் மெஷினும் பழைய கோப்புகளும் அடைத்துக் கிடந்த சின்ன அறை. லிஃப்ட்காரர் ஒரு காகிதத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தார். கஞ்சா அடியோடு கூடாது. மாத்திரையை எங்கள் கண்முன் போட வேண்டும். பழைய சிநேகிதம் வேண்டாம். டாக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டுப் பக்கத்தில் வைத்தாள். மகன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். அவனை 'நீங்க' என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அவனிடம் அப்படிப் பேசி லிஃப்ட்காரர் கேட்டதில்லை.

மகன் தன் நகத்தைப் பார்த்தபடி சொன்னான்: "வரையணும். அவங்க சத்தம் குறையணும். தூங்கணும்."

இந்த மூன்றும்தான் திட்டத் தாளின் தலைப்பில் ஏறின. பிறகு ஒவ்வொன்றாகப் பேசினார்கள். தினம் மாத்திரைக்குப் பதில் மாதம் ஒரு ஊசி. எடை ஏறினால் மருந்தை மாற்றுவது. கஞ்சா எப்போது, எவ்வளவு, எதனால் என்று அவனே ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருவது.

"நோட்டா? டாக்டர், நிறுத்தச் சொல்லுங்க!" என்றார் லிஃப்ட்காரர்.

"நிறுத்தணும்கறதுதான் சார் நம்ம எல்லாருக்கும் ஆசை. அவருக்கு அது நல்லதில்லைன்னு அவருக்கும் சொல்லியிருக்கேன். ஆனா இன்னிக்கே நிறுத்துன்னு எழுதினா நாளையிலிருந்து என்கிட்ட பொய் சொல்வார். பொய் சொல்றவருக்கு நான் என்ன வைத்தியம் பண்றது?" பிறகு அவள் கோப்பைத் திறந்தாள். "ஊசிக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். வீட்டுல சாப்பாட்டுல மருந்து கலந்தாங்கன்னு இவர் வந்த நாளிலிருந்து சொல்றார். நோயோட நினைப்புன்னு இதுல எழுதியிருக்கு. அது அடங்கலைன்னுதான் மருந்தை ரெண்டு தடவை கூட்டியிருக்கோம். நடந்ததா, நடக்கலையா?"

மனைவி தரையைப் பார்த்தாள்.

"நடந்தது" என்றார் லிஃப்ட்காரர். "நான்தான் கலந்தேன். டீயில. அவன் நல்லாகணும்னுதான்..."

மகன் சிரித்தான். சிரித்தபடியே கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. "ரெண்டு வருஷமா என்னென்னவோ சொல்றேன்ல. நான் சொன்னதுலயே நெசமானது அது ஒண்ணுதான். அதையும் நோயின்னு எழுத வச்சுட்டீங்களேப்பா."

டாக்டர் பேனாவை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

கடைசியில் மகன் சொன்னான்: "ஊசி போட்டுக்கறேன். எனக்கு மூணு நிபந்தனை. என் சாப்பாட்டை நானே செஞ்சுப்பேன். என்னைப் பத்தி எதுவானாலும் முதல்ல என்கிட்டக் கேக்கணும், எனக்குப் பின்னாடி யார்கிட்டயும் பேசக்கூடாது. என் ரூமுக்குள்ள நான் இல்லாதப்ப யாரும் போகக்கூடாது. அப்பா முக்கியமா."

"சரிடா" என்றார் லிஃப்ட்காரர். "சத்தியமா." டாக்டர் அதையும் தாளில் சேர்த்தாள், அவர் கையெழுத்தும் போட்டார். மனைவி போட்டாள். மகன் தன் பெயரை வரைபடத்தில் எழுதுவதுபோல் கட்டம் கட்டமாக எழுதினான்.

ஐந்து மாதம் அந்தத் தாள் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. குரல்கள் போகவில்லை. "பேசறாங்க, ஆனா என்னைப் பத்தி இல்ல, அவங்க வீட்டு விஷயம்" என்றான். சமையல் அவனுக்கு வரவில்லை. தீய்ந்ததைத் தின்றான், அரைவேக்காட்டைத் தின்றான். மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, உதவிக்குப் போகாமல் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பாள். பழைய கட்டட வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் ஒரு அலுவலகத்தில் தினம் மூன்று மணி நேர வேலை கிடைத்தது. அங்கே அவனுக்குக் கோடுதுரை என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். அதைச் சொல்லும்போது சிரித்தான். ஐந்து ஊசியும் நாள் தவறாமல் போட்டுக்கொண்டான். நோட்டை டாக்டரிடம் மட்டும் காட்டுவான்.

லிஃப்ட்காரரால்தான் முடியவில்லை. வீட்டில் ஒரு கதவு மூடியிருக்கிறது, அதன் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. அதன் முன்னால் நடக்கும்போதெல்லாம் காலின் வேகம் தானாகக் குறைந்தது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். மகன் கண் சிவந்திருந்தால் எண்ணிக்கொண்டார். "ஏங்க, நாய் மாதிரி மோந்துட்டே திரியறீங்க?" என்று மனைவி சொன்னாள். "நீ பேசாம இரு. ஒரு நாள் கையும் களவுமா..." என்று தொடங்கி அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆறாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவருக்கு அந்த வாசனை வந்தது. மகன் வேலைக்குப் போயிருந்தான். வாசனை அவன் அறையிலிருந்து வந்ததா, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்திலிருந்து வந்ததா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கதவில் பூட்டு இல்லை. பூட்டு வேண்டாமென்று மகனேதான் சொல்லியிருந்தான்.

மெத்தையைப் புரட்டினார். அலமாரியைக் கொட்டினார். வரைபடச் சுருள்களை ஒவ்வொன்றாக உதறினார். ஷூவுக்குள், காலுறைக்குள், சின்னதாக மடித்த ஒரு பொட்டலம் இருந்தது. கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஏதோ பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்ட மாதிரி அவருக்கு மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகுதான் நோட்டைப் பார்த்தார், எடுத்தார், படித்தார்.

முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு ஏழு, எட்டு. மூன்றாம் மாதத்தில் இரண்டு. பிறகு வாரத்துக்கு மூன்று. கடைசிப் பக்கத்தில் பத்தொன்பது நாளாகப் பூஜ்யம். ஒவ்வொரு பூஜ்யத்தையும் காம்பஸ் வைத்து வரைந்திருந்தான். அதற்குக் கீழே பொடி எழுத்தில்: "ஷூவுல கொஞ்சம் இருக்கு. இருக்குன்னு தெரிஞ்சா தேட வேணாம். தேடாம இருந்தா அடிக்க வேணாம். டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும்."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவைக்கலாம் என்று தோன்றியது. எது எங்கே இருந்தது என்று நினைவில்லை. கையில் நோட்டோடு அவர் உட்கார்ந்திருந்தபோதே மகன் வந்து வாசலில் நின்றான்.

"டேய், நான் வந்து..."

மகன் ஷூவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். குரல் உயரவே இல்லை.

"அவங்க சொல்லிட்டே இருந்தாங்க, அப்பா எங்க ஆளுதான்னு. இல்லன்னு ஆறு மாசமா நான்தான் உங்களுக்காகச் சண்டை போட்டுட்டு இருந்தேன்."

திரும்பி நடந்தான். லிஃப்ட்காரர் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினார். ஐம்பத்தாறு வயது முழங்கால் அதற்கு மேல் விடவில்லை.

ஊசி நாள் வந்தது, போனது. டாக்டர் தானே போன் செய்தாள். நடந்ததை லிஃப்ட்காரர் மறைக்காமல் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "தேடுவோம் சார்" என்றாள்.

போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். மனைவி ஞாயிறுதோறும் அவன் படத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம், பாலத்தடி, மூடிக் கிடந்த தியேட்டர் என்று அலைந்தாள். கணவனைக் கூட வரவிடவில்லை. அவள் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. சாப்பாடு வைத்தாள், சட்டை தேய்த்துக் கொடுத்தாள், பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அவள் வீட்டில் வைத்திருந்த தையல் மெஷினின் சத்தம்தான் மிச்சம். குளிர்பெட்டிக் கதவிலிருந்த தாளையும் ஒரு நாள் காணவில்லை. கிழித்தாளா, பத்திரப்படுத்தினாளா என்று அவர் கேட்கவில்லை.

பதினொன்றாம் ஞாயிறு, நகரத்தின் மறுகோடியில் ஒரு மொத்த மார்க்கெட்டின் பின்படியில் அவனைக் கண்டுபிடித்தாள். அம்மாவை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் கொண்டுபோனதைச் சாப்பிடவில்லை. வலது காலில் புண் புழுத்துப்போயிருந்தது. இப்போது கஞ்சா மட்டுமில்லை, ஒட்டுகிற பசையைத் துணியில் விட்டு முகரவும் பழகியிருந்தான். ஆஸ்பத்திரியில் அந்தக் காலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பழைய ஊசி இந்தத் தடவை பாதிதான் பிடித்தது. முன்பு கை நேராக இழுத்த கோடு இப்போது நடுங்கியது. பசையாலா, மருந்தாலா, இரண்டாலுமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. திரும்ப வருமா என்று கேட்டதற்கும் அவள் மழுப்பாமல், "தெரியல சார்" என்றாள்.

மறுபடி திட்டம் போட ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். லிஃப்ட்காரர் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அறை வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், மன்னிச்சுக்கோங்க. நீங்க உள்ள வந்தா அவர் பேச மாட்டேன்னுட்டார். அம்மா மட்டும் வரட்டும்."

"ஒரே ஒரு நிமிஷம், டாக்டர். ஒரு வார்த்தை சொல்லிட்டு வெளிய வந்துடறேன்."

"கேட்டுப் பார்த்தேன் சார்."

கதவு சாத்திக்கொண்டது. அவர் நடைகூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி, அதில் உள்பக்கமாகக் காகிதம் ஒட்டியிருந்தது. மனைவியின் குரல் ஒரு தடவை கேட்டது, டாக்டரின் குரல் பல தடவை. மகனுடையது கேட்கவே இல்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவனை இன்னொரு வாசல் வழியாகவே வார்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்பது மனைவி தனியாக வெளியே வந்தபோதுதான் தெரிந்தது.

"எப்படி இருக்கான்?"

"இருக்கான்."

"நடக்கறானா?"

"ம்."

"என்ன முடிவு பண்ணீங்க? வீட்டுக்கு வர்றானாமா?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இரண்டாக மடித்த ஒரு தாளின் ஓரம் உள்ளே போனது. "உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டான். நான் சரின்னு சொல்லிட்டேங்க." அத்தனை வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

அவன் வீட்டுக்கு வரவில்லை. எங்கோ ஒரு விடுதியில் இருக்கிறான், அல்லது இன்னும் வார்டிலேயே இருக்கிறான், அல்லது மறுபடியும் எங்கோ. வியாழக்கிழமை காலையில் மனைவி துவைத்த இரண்டு சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போவாள். அதே நிறுத்தத்தில்தான் லிஃப்ட்காரரும் வேலைக்குப் பஸ் ஏறுவார். இருவரும் சேர்ந்தே நடப்பார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவது ஒரு எண் பஸ், நகரத்தின் மறுபக்கத்துக்குப் போவது வேறொரு எண். அவள் பஸ் வந்து நிற்கும்போது அவர் அடைத்துக் கிடக்கும் கடையின் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். பஸ்ஸின் எண்ணைப் பார்த்துவிட்டால், அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டுவிடுவோம் என்று அவருக்குப் பயம்.